ஏழு திருகாணியும் ஒரு துண்டும்

எக்ஸ்ரே படத்தை ஆஸ்பத்திரி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். என் தம்பியின் வலது மேற்கை எலும்பு. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே ஒடிந்த இடத்தில், வெள்ளைப் பட்டையாக ஒரு தகடு. தகட்டில் எட்டுத் துளைகள். திருகாணிகள் ஏழு. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினேன். ஏழுதான்.

நான் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். தொழிற்சாலை என்று எங்கள் ஊரில் யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான். பண்டலில் ஒரு பெட்டி குறைந்தாலும் சாயங்காலம் வீட்டுக்குப் போகக் கால் வராது. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி விடவில்லை. படத்தை எடுத்துக்கொண்டு டாக்டரின் அறைக்குப் போனேன்.

“டாக்டர், ஒரு திருகாணி விட்டுப்போச்சு.”

அவர் சின்ன வயதுக்காரர். படத்தை வாங்கி விளக்குப் பெட்டியில் மாட்டினார். “விட்டுப்போகல அண்ணாச்சி. வேணும்னுதான் விட்டேன். அந்தத் துளை ஒடிஞ்ச கோட்டுக்கு நேர் மேல வருது. அங்கன முடுக்கக் கூடாது. மேல நாலு, கீழ மூணு. போதும்.”

“கீழயும் நாலு இருந்தா நல்லதுல்லா?”

அவர் பேனாவை மூடி வைத்தார். “எலும்பு சேந்துரும் அண்ணாச்சி. அது என் பொறுப்பு. நீங்க அவிய கையைப் பாருங்க.”

கை என்று அவர் சொன்னது மணிக்கட்டுக்குக் கீழே. என் தம்பியின் வலது கை அங்கிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. மடக்கச் சொன்னால் மடக்குவான். தூக்கச் சொன்னால் கை தூங்குகிறவனின் தலையைப் போல அப்படியே கிடக்கும். விரல்களையும் விரிக்க வராது.

தம்பி மாட்டுத் தரகன். வைகாசிக் கடைசியில், சந்தையில் ஒரு காளையை லாரியில் ஏற்றும்போது அது திமிறியது. கயிற்றைக் கையில் சுற்றியிருந்தான். இழுத்த வேகத்தில் லாரியின் பின்கதவில் போய் மோதினான். கூடியிருந்தவர்கள் அவனுடைய தோள்துண்டாலேயே கையைத் தூக்கிக் கட்டி, எலும்புக்கு நாட்டுக் கட்டுப் போடும் ஊர்களின் பெயர்களை ஆளுக்கு ஒன்றாகச் சொன்னார்கள். சேதி கேட்டு ஓடிப்போன நான், நான்கு ஊர்கள் வரை கேட்டேன். பிறகு ஒரு வாடகைக் காரில் நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்துவிட்டேன்.

அந்தத் துண்டை அவிழ்த்த பிறகுதான் கை தொங்குவது எங்களுக்கே தெரிந்தது. டாக்டர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டினார். “ஆபரேஷனுக்கு முன்னாடியே இப்படித்தான் இருக்கு, பாத்துக்கோங்க. எலும்பைச் சுத்திக்கிட்டு ஒரு நரம்பு போகுது. கையைத் தூக்குறது அதுதான். திறந்து பாத்துட்டுச் சொல்லுதேன்.”

ஆபரேஷன் முடிந்து முகமூடியை இறக்கிக்கொண்டே வந்தார். “நரம்பு அறுபடல. நசுங்கியிருக்கு. என் கண்ணால பாத்தேன். அதை ஒதுக்கி வச்சுட்டுத்தான் தகட்டை வச்சேன். ஆனா மெள்ளத்தான் வரும், மாசக்கணக்காகும்.”

“வரலேன்னா?”

“அப்பம் யோசிப்போம். இப்பமே ஏன் கேக்குதீங்க?”

கேட்காமல் எப்படி இருப்பது? தரகனுக்குக் கைதான் வாய். எங்கள் பக்கத்துச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். தரகன் தன் தோள்துண்டை இரண்டு கைகளின் மேலும் போட்டு, அதற்குள் வாங்குகிறவரின் விரல்களைப் பிடிப்பான். பிடித்த விரல்களின் எண்ணிக்கைதான் விலை. அவர் திருப்பிப் பிடிப்பார். சுற்றி நிற்கிற நூறு பேருக்கும் துண்டு அசைவது மட்டும் தெரியும். அது வலது கையால்தான். இடது கையைத் துண்டுக்குள் நீட்டினால் எதிரே நிற்கிறவர் தன் கையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

ஆஸ்பத்திரிக்கு மற்றத் தரகர்கள் வந்தார்கள். கட்டிலைச் சுற்றி ஆறு பேர். அவர்களில் வயதானவர் சொன்னார், “ஏலே, காளை இழுத்தா கயித்தை விடணும். நீ கையை விட்டுட்டியே.”

“அடுத்தவன் மாடுல்லா அண்ணாச்சி,” என்றான் தம்பி.

எல்லோரும் சிரித்தார்கள். போகும்போது அந்தப் பெரியவர் மட்டும் போர்வைக்கு மேலே கிடந்த அவன் கையை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போனார்.

அவர்கள் போன பிறகு தம்பி மனைவி என்னிடம் கேட்டாள். “அத்தான், கட்டுப் போட்டிருந்தா கை நல்லா இருந்திருக்குமோ?” கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவள் உண்மையாகவே கேட்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகு, மணிக்கட்டை நிமிர்த்திப் பிடிக்கிற ஒரு பட்டையைக் கட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். இடது கையால் வலது விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் மூட்டு இறுகிப்போகும். தம்பி அதைச் செய்ய வெட்கப்பட்டான். தெருவில் ஆள் போனால் நிறுத்திவிடுவான். நான் எதிரே உட்கார்ந்து எண்ணிச் சொல்லுவேன். விரலுக்கு இருபது. பதினேழோடு எழுந்தால் மிச்சம் மூன்றையும் செய்ய வைப்பேன். “தீப்பெட்டியை எண்ணுற மாதிரி எண்ணுதிய,” என்பான்.

அவன் மனசெல்லாம் புரட்டாசியில் இருந்தது. கரிசலில் உழவு தொடங்குகிற மாதம். மாடு கைமாறுவது அப்போதுதான். அந்த மாதம் சந்தைக்குப் போகாத தரகனை அடுத்த வருஷம் யாரும் தேட மாட்டார்கள்.

ஆவணிக் கடைசியில் ஒரு நாள் கூப்பிட்டான். “அண்ணாச்சி, இங்கன வாங்க. கையை நீட்டுங்க.” பட்டையைக் கழற்றிவிட்டு எங்கள் இரண்டு கைகளின் மேலும் துண்டைப் போட்டான். அவன் விரல்கள் என் இரண்டு விரல்களை இறுக்கின. விட்டன. விடும்போது கை மேலே எழும்பியதை என் உள்ளங்கை உணர்ந்தது. மறுபடி செய்யச் சொன்னேன். மறுபடியும் எழும்பியது. நான் வீட்டுக்குள் போய் அவன் மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டுக் கோவிலுக்குப் போனாள்.

புரட்டாசி முதல் சந்தைக்கு நானும் கூடப் போனேன். எப்போதும்வென்றான் என்கிற ஊர்ப் பக்கத்துச் சம்சாரி ஒருவர் ஒரு ஜோடி காளைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் பக்கத்தில் விவசாயியைச் சம்சாரி என்பார்கள். தம்பி துண்டைப் போட்டான். துண்டு அசைந்தது. நின்றது. சம்சாரியின் முகம் மலர்ந்தது. “சரி, முடிச்சுக்கிடுவோம்,” என்றார்.

தம்பி அடுத்துச் செய்ததை அந்தச் சந்தையில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. இடது கையால் துண்டை உருவி எடுத்தான். அவனுடைய வலது கை சம்சாரியின் இரண்டு விரல்களைப் பிடித்தபடி தொங்கிக்கொண்டிருந்தது.

“அண்ணாச்சி, நாலு விரல் பிடிக்கத்தான் போனேன். விரல் விரியல. ரெண்டுன்னு எடுத்துக்கிடாதீங்க.”

நின்றவர்களில் பாதிப் பேர் வேறு பக்கம் பார்த்தார்கள். துண்டு இல்லாத கையைப் பார்க்கக் கூடாது என்பது அவர்களுக்குப் பழக்கம். சம்சாரி தன் விரல்களை மெதுவாக விடுவித்துக்கொண்டு, துண்டை வாங்கி அவன் தோளில் போட்டார். “தேறிட்டு வாங்க. மாடு எங்க போயிரப் போவுது,” என்றார். அடுத்த கால்மணியில் அந்த ஜோடியை வேறு தரகர் முடித்துவைத்தார்.

மறுநாள் தம்பியை டாக்டரிடம் கூட்டிப் போனேன். ஆவணியில் கை எழும்பியதைச் சொல்லி, பிறகு எப்படிப் போயிற்று என்று சண்டை பிடிக்கிற குரலில் கேட்டேன். அவர் தம்பியின் முன்கையை மேஜையில் கவிழ்த்து வைத்து, கை மட்டும் விளிம்புக்கு வெளியே தொங்கும்படி நகர்த்தினார்.

“இப்பம் தூக்குங்க.” அசையவில்லை. “மடக்கிட்டு விடுங்க.” மடக்கிவிட்டதும் கை கொஞ்சம் எழும்பியது. “இது தூக்குறது இல்ல அண்ணாச்சி, இறுக்கினது தளருது. துண்டுக்குள்ள சோதிச்சா எப்படித் தெரியும்? இப்படி வச்சு, வெளிச்சத்துல பாக்கணும்.” பிறகு தம்பியின் முழங்கையை மடக்கச் சொல்லி முன்கையின் மேற்புறத்தை அழுத்திப் பார்த்தார். “இந்தத் தசை லேசா புடைக்குது. நரம்பு இது வரைக்கும் வந்துட்டு. இனிமே மணிக்கட்டு, அப்புறம் விரல். கட்டைவிரல்தான் கடைசி.”

அன்றிலிருந்து எங்கள் வீட்டு மேஜையை வாசல் பக்கம் இழுத்துப் போட்டோம். தெருவில் ஆள் போனாலும் தம்பி கையை மறைக்கவில்லை. காலையில் விளிம்பில் கையைத் தொங்கவிட்டு உட்காருவான். நான் எதிரே உட்காருவேன். ஐப்பசி மழையில் தெருவெல்லாம் கரிசல் சேறு. கை அசையவில்லை. அவன் மனைவி என்னை ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

கார்த்திகையில் ஒரு காலை, விளிம்புக்குக் கீழே கிடந்த கை ஒரு விரல்கடை அளவு எழுந்து விழுந்தது. நான் நம்பவில்லை. “மடக்கினியா?”

“மடக்கல அண்ணாச்சி.”

“மறுபடி செய்.”

செய்தான். அவன் மனைவியைக் கூப்பிட்டான். அவள் வந்து நின்றாள். மூன்றாவது முறை எழுந்தபோது அவள் குனிந்து, கையைத் தொடாமல், அதற்கும் மேஜை விளிம்புக்கும் இருந்த இடைவெளியைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

தை பிறந்து விரல்கள் விரிந்தன. கட்டைவிரல் பாதிதான் வந்தது. இப்போதும் பாதிதான்.

மாசி முதல் சந்தையில் அந்த வயதான தரகரே மாடு வாங்க வந்த தன் கட்சிக்காரருக்காகத் தம்பியின் முன் கையை நீட்டினார். துண்டு விழுந்தது. நான் பத்தடி தள்ளி நின்றேன். துண்டு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. வெகுநேரம். பெரியவர் சரியென்று தலையை ஆட்டினார். தம்பி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

“எத்தனை விரல் பிடிச்ச?” என்று கேட்டேன்.

“அதைக் கேக்கக் கூடாது அண்ணாச்சி,” என்றான். “வாங்க, டீ குடிப்போம்.”

டீக்கடையில் கிளாஸை வலது கையால்தான் வாங்கினான். கட்டைவிரல் சரியாக விரியவில்லை. கிளாஸ் கொஞ்சம் சாய்ந்தது. பிடித்துக்கொள்ளலாமா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். சிந்தாமல் குடித்தான்.