ரத்தினசாமி கொண்டுவந்த ஒலிவக் கன்று

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கடைசி மேசை ரத்தினசாமியுடையது. பெட்டிக்குள் போகுமுன் ஒவ்வொரு ஜோடியும் அவர் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு தையல் பிசகியிருந்தாலும், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு "ரிஜெக்ட்" என்பார். மனைவி பட்டம்மாள் வைக்கும் ரசத்துக்கும் அதே தீர்ப்புதான்.

போன வருஷம், வெளிநாட்டில் கிளம்பிய ஒரு புகாரைத் தீர்க்கக் கம்பெனி அவரைத் தெற்கு இத்தாலிக்கு அனுப்பியது. அங்கே சாலை நெடுக ஒலிவ மரங்கள் காய்ந்து எலும்பாக நின்றன. வெயில் ஜாஸ்தி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். சின்ன வயதிலிருந்து சர்ச்சில் ஒலிவ மலையைப் பற்றிக் கேட்டவர், மரத்தை நேரில் பார்த்தது அப்போதுதான். ஒரு வீட்டு வாசலில் நின்ற சாண் உயரக் கன்றைக் கைஜாடையிலேயே கெஞ்சி வாங்கி, ஈரத்துணியில் சுற்றி, சாம்பிள் பூட்ஸுக்குள் செருகி ஊர் கொண்டுவந்து சேர்த்தார்.

மொட்டைமாடித் தொட்டியில் கன்று துளிர்த்ததும் தெருவே ஏறி வந்தது. போதகர் ஜெபம் பண்ணி ஓர் இலை எடுத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுத் தவ்ஃபீக், "ஜைத்தூன்ணா இது, குர்ஆன்ல வர்ற மரம்!" என்று ஓர் இலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மகள் கிறிஸ்டினாவுக்குச் சென்னையில் வேலை. கப்பலில் வரும் செடி, விதைகளோடு நோயோ பூச்சியோ உள்ளே வந்துவிடாமல் பார்க்கும் அரசு அலுவலகம். அவள் பலமுறை விளக்கியும் அப்பா ஊரில் சொன்னது, "பொண்ணு கஸ்டம்ஸ்ல இருக்குது."

அவள் ஊருக்கு வந்ததும் கண்ணைப் பொத்தி மாடிக்கு அழைத்துப் போனார்.

"இன்னாப்பா இது?"

"ஒலிவம்மா! இத்தாலி ஒரிஜினல்!"

"இத்தாலியில எங்க?"

"தெக்கால. அங்க மரமெல்லாம் காஞ்சு கெடக்குது. தண்ணி இல்ல போல."

"தண்ணி இருக்குதுப்பா. மரத்தால குடிக்க முடியல." கிறிஸ்டினா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மரத்துக்குள் தண்ணீர் ஏறும் குழாய்களை ஒரு பாக்டீரியா அடைத்துவிடுகிறது. சாறு உறிஞ்சும் பூச்சிகள் அதை மரத்துக்கு மரம் கொண்டுபோகின்றன என்று சொன்னாள்.

"நான் பூச்சி இருக்குதான்னு செக் பண்ணித்தான் எடுத்தாந்தேன்."

"பூச்சி நம்மூர்லயே இருக்கலாம்ப்பா. அது இதக் குடிச்சிட்டு ஹைவே நடுவுல இருக்கிற அரளியில போய் உக்காந்தா? அரளிக்கும் இந்த நோய் வரும். சென்னை வரைக்கும் அரளிதான். பூச்சியப் பள்ளிகொண்டா டோல்கேட்ல நிறுத்துவியா?"

கட்டில் கொசுவலையை உருவி வந்து தொட்டியை மூடிக் கட்டினாள். "நாங்க எதுக்குள்ள படுக்கறது?" என்றார் பட்டம்மாள்.

"யாருக்காவது குடுத்தியாப்பா?"

ரத்தினசாமி வானத்தைப் பார்த்தார்.

இருவரும் தெருவில் இறங்கினார்கள். போதகரின் இலை வேதாகமத்துக்குள் அப்பளமாகக் காய்ந்திருந்தது, அதனால் ஆபத்தில்லை. எதிர்வீட்டுக் கமலம் வாங்கிப்போன இலையை மூட்டுவலிக்கு அரைத்தே குடித்திருந்தார். விஷயம் கேட்டதும் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, நானும் காஞ்சிடுவேனா?"

"மனுஷங்களுக்கு வராது ஆன்ட்டி."

தவ்ஃபீக் மட்டும் பின்கட்டில் அண்டாவுக்கு முன்னால் அசையாமல் நின்றார். "இலைதான்மா, மோந்து பாத்தேன், அவ்ளோதான்." அவர் காலுக்கிடையில் ஒரு தயிர் டப்பா தெரிந்தது. அதில் ஒலிவக் குச்சி ஒன்று துளிர்விட்டிருந்தது.

"உசுரும்மா அது," என்றார் பரிதாபமாக.

"உங்க வாசல் அரளி உசுரு இல்லியா அங்கிள்?"

டப்பாவைக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆபீசுக்குச் சொல்லியாக வேண்டும் என்றாள் கிறிஸ்டினா. "நாமே சத்தமில்லாம எரிச்சிடலாமே, ஆபீசு எதுக்கு?" என்றார் ரத்தினசாமி.

"பக்கத்துல எங்கயாவது பரவியிருக்குதான்னு டெஸ்ட் பண்ணணும்ப்பா. மறைச்சா நாளைக்கு யாரு பதில் சொல்றது?" போனை எடுத்தாள். "ஆமா சார், ஆம்பூர்தான். வீடா? எங்க வீடுதான் சார். எடுத்தாந்தவரா? எங்கப்பா சார்." அப்பாவின் பெயரையும் எழுத்துக்கூட்டிச் சொன்னாள்.

மறுநாள் வெள்ளை உடுப்பில் ஆட்கள் இறங்கியதும் தெருவில் கதவுகள் படபடவென்று சாத்திக்கொண்டன. "மறுபடியும் கொரோனாவா?" என்று காய்கறி வண்டிக்காரர் வண்டியைத் திருப்பினார். பரிசோதனைக்கு இலைகள் போயின; அரளிகளிலிருந்தும் பறித்தார்கள். கன்று, குச்சி, தொட்டி மண் எல்லாம் கொசுவலையோடு எரிக்கப் போயின. பட்டம்மாள் கொசுவலைக்காக மட்டும் அழுதார். ரத்தினசாமி அழவில்லை. மாடிக்குப் போவதை நிறுத்திவிட்டார், மகளோடு பேசுவதையும்.

பிறகு ரிப்போர்ட் வந்தது. எதிலும் நோய் இல்லை.

"பாத்தியா, என் செடி சுத்தம்!" என்று போனில் கத்தினார். பேசிவிட்டோமே என்று உறைத்ததும், "சாப்ட்டியா?" என்றார்.

டீக்கடையில் ஒருவர், "பெத்த பொண்ணே அப்பன மாட்டிவுட்டுச்சாமே?" என்று சீண்டினார். ரத்தினசாமி கிளாஸைக் கீழே வைத்தார். "ஆமா. என் பொண்ணு கையத் தாண்டி ஒரு பிசகும் உள்ள போவாது. அப்பனா இருந்தாலும் புடிப்பா."

இப்போது கம்பெனியில் யார் வெளிநாடு போய் வந்தாலும் அவர்தான் முதலில் எதிரே போய் நிற்கிறார். "பையில செடி, விதை, மண்ணு எதுவும் இல்லியே?" போன வாரம் முதலாளியிடமே கேட்டாராம். முதலாளியும் பேசாமல் பையைத் திறந்து காட்டினாராம்.