படுத்துச் செய்த டிரில்

காலை எட்டே முக்காலுக்கெல்லாம் டிரில் வாத்தியார் வால்டர் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றுவிடுவார். விசில் கழுத்தில் தொங்கும், ஊதமாட்டார். முதல் மணி டிரில் உள்ள வகுப்புப் பையன்கள் ஒவ்வொருவராக அவர் முன்னால் வந்து இரண்டு கைகளையும் விரித்துக் காட்ட வேண்டும். நகம் பார்க்கிறார் என்றுதான் ராயபுரத்தில் பேச்சு. நகத்தை அவர் பார்ப்பதே இல்லை. பையனின் விரல்களை இடக்கையில் ஏந்திக்கொண்டு, வலது கட்டைவிரலால் உள்ளங்கை மேட்டை ஒருமுறை அழுத்துவார். தோல் வெளுத்து உடனே பழைய நிறத்துக்குத் திரும்பினால், "ஓடு" என்பார். கயிறு உரசிய கோடு சிவந்து கிடந்து பையன் பல்லைக் கடித்தால், "படு" என்பார். ஒருவனுக்கு இரண்டு விநாடிக்கு மேல் ஆகாது. கடைசிப் பையனும் உள்ளே போனபின் கட்டைவிரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொள்வார். அதில் உப்பு ஒட்டியிருக்கும்.

இந்தப் பழக்கம் சண்டையில் பிறந்தது.

வால்டர் ராயபுரத்துக்காரர்தான். அப்பா துறைமுகத்தில் கரி சுமந்தவர். மகன் பட்டாளத்துக்குப் போய், நூறு பேரை ஒரே விசிலில் குனியவும் நிமிரவும் வைக்கிற ஹவில்தாராகத் திரும்பி வந்தார். பிறகு ஒரு வருஷம் டிரில் வாத்தியார் பயிற்சி. ஐம்பதாம் வருஷம் இந்தப் பள்ளிக்கூடத்தில் தற்காலிக வேலை கிடைத்தது. மீசையும் நெஞ்சும் பார்த்த பையன்கள் முதல் நாளே மூச்சு விடப் பயந்தார்கள். பட்டாளத்தில் செய்ததையே இங்கேயும் செய்தார். கை தூக்கச் சொன்னால் தூக்க வேண்டும். தூக்காதவன் மைதானத்தை நாலு சுற்று ஓட வேண்டும்.

லூயிஸ் என்ற பையன் தூக்கவில்லை. தோள் வரைக்கும் வந்த கை அதற்கு மேல் போகவில்லை. ஓடச் சொன்னார். இரண்டாவது சுற்றில் மண்ணில் விழுந்தான்.

பதினோரு மணிக்கு அவன் அம்மா சிலுவையம்மாள் மீன்கூடையோடு வாசலில் நின்றாள்.

"இன்னா வாத்தியாரே! எம்புள்ள இன்னா குத்தம் பண்ணான், ஓட வுட்டே?"

"கை தூக்கலைக்கா. சோம்பேறித்தனம்."

"சோம்பேறியா? விடியக்காத்தால மூணு மணிலருந்து அவங்கப்பனோட கரவலை இழுத்துட்டு, அதுக்கப்பறம் மொகம் கழுவிக்கினு உன் ஸ்கூலுக்கு வந்துகினு கீறான். கயிறு வலிச்ச கை எப்பிடி நைனா மேல போவும்? நீ ஒரு நாளு வா. வலிச்சுப் பாரு. அப்பால ஊது உன் பீப்பீய!"

கூடி நின்ற வாத்தியார்கள் சிரித்தார்கள். வால்டர் சிரிக்கவில்லை. "நாளைக்கே வர்றேங்க்கா" என்றார்.

சொன்னபடி போனார். காசிமேட்டுக் கரையில் இருட்டு இன்னும் கலையவில்லை. இடுப்பில் கயிற்றைக் கோத்துக்கொண்டு, இரண்டு கையாலும் அதைப் பற்றி இழுத்தபடி முப்பது பேர் பின்பக்கமாக நடக்கிற வேலை; ஒவ்வோர் அடிக்கும் மணல் காலை உள்ளே வாங்கும். "டிரில் வாத்தியாரு வந்துகினாரு டோய்! லெப்ட் ரைட்டு போட்டு வலி மாமு!" என்று யாரோ கத்த, கரையே சிரித்தது. முதல் அரை மணி வால்டரும் சேர்ந்து சிரித்தார். பிறகு சிரிக்க மூச்சு இல்லை. வலை கரையேறியபோது அவர் உள்ளங்கை இரண்டும் உரித்த மீன்போல இருந்தன. பக்கத்தில் லூயிஸ் ஈரக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். வாத்தியாரை அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவனுக்கு மணி ஆகிவிட்டது.

ஒன்பது மணிக்கு மைதானத்தில் விசில். "கை மேலே!" என்று வால்டர் கத்தினார். நாற்பத்தாறு பையன்களில் பாதிப் பேர் கை மேலே போயிற்று. வாத்தியாருடைய கை தோளோடு நின்றுவிட்டது. இன்னொரு தரம் முயன்றார். போகவில்லை.

வரிசையில் மூன்றாவதாக நின்ற லூயிஸ் மெதுவாகச் சொன்னான்: "நாலு ரவுண்டு சார்."

வால்டர் விசிலைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டு ஓடினார். நாலு சுற்றும் ஓடினார். கடைசிச் சுற்றில் கண் இருட்டியது, ஆனால் விழவில்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். உழைத்து வந்த உடம்புக்கு டிரில் என்றால் ஓய்வு. உட்கார்ந்தே இருந்த உடம்புக்கு டிரில் என்றால் ஓட்டம். இதில் அவருக்கு அப்புறம் ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.

மறுநாள் முதல் வாசலில் கை பார்க்கும் வேலை தொடங்கியது. கை சிவந்தவர்கள் கட்டிட நிழலில் மணலில் படுத்து, கால்களைச் சுவரில் தூக்கி வைத்து, எண்ணி மூச்சு விட வேண்டும். இருபது நிமிஷம். கடைசியில் கழுத்துக்கும் தோளுக்கும் மெல்லிய அசைவுகள். மளிகைக் கடை, மொத்தக் கடை வீட்டுப் பிள்ளைகளுக்கு ஓட்டம், தண்டால், கயிறேற்றம். மாதத்துக்கு ஒருமுறை எல்லாரையும் பக்கத்து விறகுக் கடைத் தொட்டியில், கட்டை நிறுக்கிற தராசில் ஏற்றி எடை பார்த்து ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார். கட்டைக்குப் பதில் பையன். மறு தட்டில் எடைக்கல். தொட்டிக்காரருக்கு அது நல்ல வேடிக்கை.

எல்லாருக்கும் அது வேடிக்கையாக இல்லை. மொத்த அரிசி வியாபாரி சுயம்பு பள்ளிக்கூடக் கமிட்டியில் இருந்தார். அவர் மகன் ஓடுகிற கூட்டம்.

"வாத்தியாரய்யா, இது என்ன நியாயம்? எம் மவன் நாக்குத் தள்ள ஓடுதான். அந்தப் பயலுவ கால நீட்டித் தூங்குதானுவ."

"அண்ணாச்சி, அவன் மூட்டை மேல ஒக்காந்து வர்றான். அவங்க கடல இழுத்துட்டு வர்றாங்க. ஓடட்டும், ஒங்க தொந்தியில பாதி அவனுக்கு இப்பவே கீது."

சுயம்புவுக்குத் தொந்தி உண்டு; சிரிப்புதான் இல்லை. மேலிடத்துக்கு ஒரு கடிதம் போட்டார். டிரில் மணியில் மாணவர்கள் தூங்க வைக்கப்படுகிறார்கள் என்று. பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் நேரில் வந்து பார்த்தபின்தான் வால்டரின் வேலை நிரந்தரமா இல்லையா என்று முடிவாகும் என உத்தரவு வந்தது.

தலைமை ஆசிரியர் சண்முகவேல் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். "வே, அவரு வார அன்னைக்கு ஒரு நாள் எல்லாப் பயலுவளையும் வரிசையா நிக்க வையும். அப்புறம் வருஷம் பூரா தாலாட்டுப் பாடும், நான் கேக்கலை."

வீட்டில் மனைவி டோரதியும் அதையேதான் சொன்னாள். "வேலை நெலச்சாத்தான் எங்கப்பன் வூட்டு மாடிலருந்து எறங்கலாம். மூணு வருசமா அம்மா கொழம்பு ஊத்தும்போதெல்லாம் உன் சம்பளத்தக் கேக்குது."

அந்த மாடி வால்டருக்கும் பிடிக்கவில்லை. குனியாமல் நிற்க முடியாத மாடி அது.

இன்ஸ்பெக்டர் வந்த நாள் வலையில் நெத்திலி வாரிக் கொட்டுகிற சமயம். வாசலில் கை பார்த்தார். நாற்பத்தாறில் முப்பத்தொன்று சிவப்பு. லூயிஸ் தன் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"இன்னிக்கு நாங்க நிக்கிறோம் சார். பேசி வெச்சுட்டோம். நீ ஒண்ணும் பேஜாராவாத."

"நின்னா வுழுவடா."

"வுழ மாட்டோம் சார்."

வால்டர் அவன் கையை முன்னால் இழுத்துப் பார்த்தார். கோடு வெடித்திருந்தது. கையை விட்டார். "போய்ப் படு. எல்லாரும் படுங்க. கண்ண மூடிக்கினு மூச்ச எண்ணுங்க. யார் வந்தாலும் எனக்குக் கவலையில்ல."

சொன்ன பிறகு மனசு லேசாகிவிட்டது. கட்டைவிரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு மைதானத்துக்கு நடந்தார்.

இன்ஸ்பெக்டர் ஒல்லியான மனிதர், கோட்டு, குடை. நிழலில் வரிசையாகக் கிடந்த முப்பத்தொரு பையன்களையும் பார்த்தார். "இது டிரில் வகுப்பா, தர்மாஸ்பத்திரியா?"

வால்டர் நோட்டை நீட்டினார். "மூணு மாச எடை சார். கடலுக்குப் போற பசங்க ஆளுக்கு ரெண்டு ராத்தல் ஏறியிருக்காங்க. யாரும் இப்போ மயங்கி விழறதில்லை."

இன்ஸ்பெக்டர் நோட்டை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, படுத்திருந்த வரிசையின் ஓரமாக நடந்தார். குடை நுனி தண்ணீர் வாளியில் இடித்து டங்கென்று சத்தம் கேட்டது. ஓடிக்கொண்டிருந்த பதினைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சுயம்புவின் மகன் முன்னால் ஓடியவன் மேல் மோதி உருண்டான். மூன்று மணிக்கே எழுந்து கயிறிழுத்துவிட்டுப் படுத்திருந்தவர்களில் ஒருவனுக்கும் இமைகூட அசையவில்லை. இன்ஸ்பெக்டர் குனிந்து ஒருவன் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"எத்தனை நாளாப் பழக்கம்?"

"மூணு மாசமா சார்."

"ம்" என்றார். அவ்வளவுதான்.

ஆறு வாரம் கழித்து உத்தரவு வந்தது. வேலை நிரந்தரம். சண்முகவேல் இரண்டு தரம் படித்துப் பார்த்துவிட்டு, "நீர் பெரிய ஆளுவே" என்றார். கிறிஸ்துமஸுக்கு முன்பே டோரதி மாடியிலிருந்து இறங்கி, கல்மண்டபம் பக்கம் கூரை உயரமான ஒரு வீட்டுக்குக் குடி போனாள். அக்கம்பக்கத்துப் பள்ளிகளிலிருந்து டிரில் வாத்தியார்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். துறைமுகக் கூலிகள் சிலர் சாயங்காலம் வந்து, சுவரில் கால் தூக்கிப் படுக்கக் கற்றுக்கொண்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் வால்டர் சொன்னது ஒன்றுதான்: "வாயால சொன்னா எவனும் நம்பமாட்டான். எடையக் காட்டணும். அந்த நோட்டுதான் இன்ஸ்பெக்டரை மடக்குச்சு." ஓய்வு பெற்ற அன்றைக்கும் மேடையில் இதையே சொன்னார்.

அவர் காலமாகிப் பல வருஷம் கழித்து, பள்ளிக்கூடத்துப் பழைய காகிதங்களைப் பிரித்தபோது அந்த இன்ஸ்பெக்டரின் அறிக்கையின் நகல் கிடைத்தது. ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். எடையைப் பற்றியோ நோட்டைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை. இருந்தது இவ்வளவுதான்: "முப்பத்தொரு மாணவர்கள், பெரும் சத்தத்துக்கும் கண் திறவாமல், கட்டளைக்குக் கட்டுப்பட்டு அசையாமல் கிடந்தார்கள். இப்படி ஒரு ஒழுங்கை இந்த மாகாணத்தில் வேறெந்தப் பள்ளியிலும் நான் கண்டதில்லை."