நானூறு பேருக்கு இடம்

போன கிழமை என் கீபோர்டில் தேத்தண்ணியை ஊற்றிவிட்டேன். கட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தபோது அந்த வாசம் மூக்கில் ஏறியது. ஸ்பிரிட் மணத்தால் மற்றவர்களுக்கு ஆஸ்பத்திரியும் ஊசியும் ஞாபகம் வரும். எனக்கு ஆரையம்பதியில் தகரக் கூரை போட்ட ஓர் அறை ஞாபகம் வரும். சுனாமிக்குப் பிறகு ஒரு தொண்டு நிறுவனம் இறக்கித் தந்த பதினொரு பழைய கொம்பியூட்டர்கள் அங்கே இருந்தன. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக் காற்று எதையும் விட்டுவைக்காது. வெள்ளிக்கிழமை தோறும் கீபோர்டுகளைக் கழற்றி ஸ்பிரிட் போட்டுத் துடைப்போம். பதினொன்றில் எட்டு வேலை செய்தால் அது நல்ல நாள்.

அந்த அறைக்கு நான்தான் மிஸ். வயது இருபத்தைந்து. கொழும்பில் ஒரு டிப்ளோமா முடித்து வந்த திமிர் கொஞ்சம் இருந்தது. படிக்க வந்தவர்களில் பாதிப்பேர் என்னைவிட மூத்தவர்கள். அவர்களுக்கு ‘சி’ என்கிற நிரல்மொழியைச் சொல்லிக்கொடுத்தேன் என்று இன்றைக்குப் பெருமையடித்துக்கொள்கிறேன்; உண்மையில் புத்தகத்தில் அவர்களைவிட ஓர் அத்தியாயம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். ஒருமுறை ஒரு நிரல் ஏன் ஓடவில்லை என்று இரண்டு நாள் மண்டையைப் போட்டு உடைத்தேன். படிக்க வந்தவர்களில் ஒருவரான, காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருந்த பஹ்மி என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, ஓர் அடைப்புக்குறி மூடாமல் கிடப்பதைக் காட்டினார். “நீங்க படிப்பியுங்க மிஸ், பிழைய நாங்க பாத்துக்கிறம்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு வழி?

நிறுவனத்துக்கு ‘சி’ வகுப்பு பிடிக்கவில்லை. அடிபட்ட சனத்துக்குத் தட்டச்சு போதும் என்பது அவர்களுடைய எண்ணம். தையல் மெஷின், கோழிக்குஞ்சு, தட்டச்சு. இந்த மூன்றுக்கு மேல் எங்களுக்கு ஆசை இருக்கக் கூடாதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி, கடைசியில் ஒரேயொரு வகுப்புக்கு அனுமதி வாங்கினேன். முடிவில் கொழும்பிலிருந்து பரிசோதகர் ஒருவர் வருவார். தேறியவர்களில் ஒருவரை நான் இரண்டாவது ஆசிரியராக எடுத்துக்கொள்ளலாம். சம்பளத்தோடு, தங்குவதற்கு எங்கள் வகுப்பறையின் பின்பக்கத்தில் ஓர் அறையும் உண்டு.

அந்த அறைக்காகத்தான் யோகாக்கா படித்தார். யோகேஸ்வரி என்று முழுப்பெயர், பனிச்சங்கேணிக்காரி. வாகரைப் பக்கம் சண்டை மூண்டபோது தாயைக் கூட்டிக்கொண்டு, காடும் தண்ணியும் கடந்து வந்தவர். இடம்பெயர்ந்தோர் முகாமில் ஒரு கூடாரத்துக்கு இரண்டு குடும்பம். நடுவில் தொங்கிய சேலைதான் சுவர். உயர்தரத்தில் கணிதம் படித்தவர். என்னைவிட மூன்று வயது மூப்பு, அதனால் நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை மிஸ் என்பார். எதற்காகப் படிக்க வந்தீர்கள் என்று முதல்நாள் எல்லோரையும் கேட்டேன். ஆளாளுக்கு நாகரிகமாக ஏதோ சொன்னார்கள். இவர் மட்டும், “அம்மாக்குக் கதவு இரிக்கிற ஒரு அறை வேணும் மிஸ்” என்றார்.

இந்த இடத்தில் கொஞ்சம் வாத்தியார் வேலை பார்க்க வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். நிரல் ஓடும்போது தகவல்களை வைக்க இடம் வேண்டும். ‘சி’யில் அந்த இடத்தை நாமே கொம்பியூட்டரிடம் கேட்டு வாங்க வேண்டும். இருந்தால் தரும், இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லும். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தேவைப்படும்போது தேவையான அளவு கேள், உடனே திருப்பிக் கொடு என்றுதான் புத்தகத்தில் இருந்தது. நானும் அதைத்தான் கிளிப்பிள்ளை மாதிரிச் சொன்னேன்.

யோகாக்கா கேட்கவில்லை. ஐந்து பெயர் வைக்கிற நிரலுக்கும் முதல் வரியிலேயே நானூறு பேருக்கு இடம் கேட்டுவிடுவார். ஒவ்வொரு கொப்பியிலும் நான் சிவப்பால் வெட்டுவேன், அடுத்த கொப்பியில் அதே நானூறு. ஒருநாள் எரிச்சலில், தேவைப்படும்போது கேட்டால் என்ன, குறைந்தா போய்விடும் என்று கேட்டேன்.

“பிறகு கேக்கக்குள்ள இல்லையெண்டுட்டா?”

நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. அடுத்த கிழமை அவருக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு முகாமுக்குப் போனேன். தண்ணீர் பவுசர் லொறி வருகிற நேரம். வாளி, குடம், சட்டி, பால்மா டின் என்று ஏந்தக்கூடியது எல்லாம் வரிசையில் இருந்தது. இரண்டு பேர் மட்டும் குடிக்கிற தண்ணிக்கு யோகாக்காவின் தாய் ஒன்பது பாத்திரம் அடுக்கியிருந்தார். முந்தின இரண்டு நாளும் பவுசர் வரவில்லையாம். நான் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அன்றிலிருந்து அவர் கொப்பியில் அந்த வரியை வெட்டுவதை நிறுத்தினேன். முடிவில் திருப்பிக் கொடுக்கிற வரியை மட்டும் எழுதச் சொன்னேன், அதற்கு அவர் ஒத்துக்கொண்டார்.

சோதனை நாளில் பரிசோதகர் வந்தார். மடிப்புக் குலையாத சட்டை. நிறையப் பெயர்களை வாங்கி, அகர வரிசைப்படி அடுக்கித் தரும் நிரலொன்றை எழுதச் சொன்னார். தான் கொண்டுவந்த புளொப்பியிலிருந்து அறுபது பெயர்களைக் கொடுத்து ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தார். எல்லாம் ஓடின. யோகாக்காவின் நிரலும் ஓடியது. ஆனால் அதன் முதல் வரியைப் பார்த்ததும் பரிசோதகர் சிரித்தபடி, யோகாக்காவை முன்னால் வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: “அறுபது பேருக்கு நானூறு இடம். இது முகாம் புத்தி மிஸ். எங்களுடைய தொழிலுக்குச் சரிவராது.” சொல்லிவிட்டுத் தேறவில்லை என்று எழுதப் பேனையை எடுத்தார்.

நான் துணிச்சல்காரி இல்லை. சோதனைச் சாவடியில் பெயர் கேட்டால் எனக்கு என் பெயரே மறந்துபோகும். அன்றைக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, அந்தத் தாளின் மேல் கையை வைத்துவிட்டேன். பேனை என் விரலில் கோடு போட்டது. இன்னும் ஒரேயொரு தடவை ஓட்டிப் பாருங்கள், பிறகு எழுதுங்கள் என்றேன். அவருடைய அறுபது பெயரையும் பிரதி எடுத்து, அதை மறுபடி பிரதி எடுத்து, சில ஆயிரமாகப் பெருக்கினேன். அதை எல்லா நிரல்களுக்கும் கொடுக்கச் சொன்னேன்.

முதலில் பஹ்மியுடையது செத்தது. திரை அப்படியே உறைந்துபோய், மெஷினை நிறுத்தித் திரும்பப் போட வேண்டியதாயிற்று. அடுத்ததும் அப்படி, அதற்கடுத்ததும் அப்படி. எல்லோரும் புத்தகத்தில் உள்ளபடி கொஞ்சம் கொஞ்சமாக இடம் கேட்டிருந்தார்கள்; அந்தப் பழைய மெஷின்களில் பாதியிலேயே இடம் தீர்ந்துவிட்டது. இல்லையென்று பதில் வந்தால் என்ன செய்வதென்று ஒருவரும் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று நானும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை, அந்த வெட்கத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். யோகாக்காவின் நிரல் நானூறாவது பெயரோடு நின்றது. வந்த பெயர்களை அடுக்கிக் கோப்பில் எழுதியது. ஆங்கில எழுத்தில் தமிழாக ஒரு வரி திரையில் வந்தது: இடம் முடிஞ்சுது, வந்த நானூறு பேரும் பத்திரம்.

பரிசோதகர் அந்த வரியைப் படித்தார். இவ்வளவு பெயர் யார் கொடுக்கப்போகிறார்கள் என்று முனகினார். அப்போதுதான் யோகாக்கா வாயைத் திறந்தார்.

“கேட்டதெல்லாம் கிடைக்கும் எண்டு நம்பி எழுதினவங்கட எல்லாம் விழுந்துட்டு சேர். என்ட விழல்ல.”

பரிசோதகர் யோகாக்காவுக்குத் தேறுவதற்கு எத்தனை புள்ளி வேண்டுமோ அத்தனையைப் போட்டார், ஒன்றுகூட மேலே போடவில்லை. விழுந்த நிரல்களுக்கெல்லாம் அதைவிட அதிகம். பஹ்மி அவரோடு சண்டைக்குப் போகப் பார்த்தார், நாங்கள்தான் பிடித்து உட்கார்த்தினோம். நான் யோகாக்காவையே இரண்டாவது ஆசிரியராக எடுத்தேன். அடுத்த திங்கட்கிழமை அவரும் தாயும் பின்னறைக்கு வந்தார்கள். தாய் கதவைச் சாத்தினார், திறந்தார், திரும்பவும் சாத்தினார். நான் கீபோர்டு துடைக்கிற சாட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இரண்டரை வருடம் சேர்ந்து படிப்பித்தோம். நிறுவனத்துக்குத் தேறியவர்களைக் காட்டிக் காட்டியே, ஒரேயொரு வகுப்பென்று தந்ததை நிறுத்தவிடாமல் இழுத்தோம். புதிதாக வருகிறவர்கள் நிரல் ஓடவில்லை என்று கண்கலங்கி நிற்பார்கள். நான் என்றால் உடனே பிழையைக் காட்டிவிடுவேன், எனக்கு அவசரம். யோகாக்கா பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வரிக்கும், இது இல்லையெண்டு சொன்னா என்னகா செய்வாய் என்று கேட்பார். பிழை தானாகவே வெளியே வரும். எத்தனை தரம் கேட்டாலும் முகம் சுளிக்கமாட்டார். என்னிடம் படித்தவர்கள் சோதனையில் தேறினார்கள். அவரிடம் படித்தவர்கள் இன்றைக்கும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள்.

சண்டை முடிந்தது. அவசரகாலப் பணி முடிந்துவிட்டது என்று நிறுவனம் சொன்னது. லொறி வந்து கொம்பியூட்டர்களை ஏற்றிக்கொண்டு போனது. யோகாக்கா தாயோடு பனிச்சங்கேணிக்குத் திரும்பிப்போய், உடைந்த வீட்டுக்கு முதலில் கதவைப் போட்டார்.

சில வருடம் கழித்து அந்த நிறுவனத்தின் வழவழப்பான அறிக்கைப் புத்தகமொன்று தபாலில் வந்தது. அதில் எங்கள் வகுப்பறைப் படம் ஒன்று. கரும்பலகைக்கு முன்னால், கையில் சோக்கோடு யோகாக்கா நிற்கிறார். கீழே ‘பயனாளிகளில் ஒருவர்’ என்று போட்டிருந்தார்கள். யோகாக்காவிடம் போனில் சொன்னேன். “என்னத்தையும் போட்டுட்டுப் போகட்டும், விடுங்க மிஸ்” என்று சிரித்தார்.

நான் விடவில்லை. இன்றைக்கு அந்த வகுப்பறை இல்லை, இடித்துவிட்டு அவ்விடத்தில் போன் கடை கட்டிவிட்டார்கள். நிறுவனமும் இல்லை, அதன் பதிவேடுகள் எங்கே போயினவென்று கேட்கவும் ஆளில்லை. அவர் அங்கே வேலை பார்த்தார் என்பதற்கு இந்த ஒரு படம்தான் மிச்சம். என் பிரதியில் ‘பயனாளிகளில் ஒருவர்’ என்பதைப் பேனையால் வெட்டிவிட்டு, மேலே ‘யோகேஸ்வரி, ஆசிரியை’ என்று எழுதி வைத்திருக்கிறேன். வீட்டுக்கு யார் வந்தாலும், அவர்கள் கேட்காவிட்டாலும், எடுத்துக் காட்டுவேன்.