பின்சீட்டு ஓட்டுநர்

“டோஃபு கொதிக்கிற வாசனை வந்துடுச்சு. இனிமே இறக்கம். இடது பக்கமா ஒதுங்கு,” என்று பின்சீட்டிலிருந்து உத்தரவு போடுகிறார் பாக் சுரோசோ. ஸ்கூட்டரை ஓட்டுகிற அவர் மனைவி இபு வர்சினி மறுபேச்சில்லாமல் ஒதுங்குகிறார். எங்கள் பேச்சில் பாக் என்றால் ஐயா, இபு என்றால் அம்மா. பாக் சுரோசோவுக்கு இரண்டு கண்ணும் தெரியாது. சர்க்கரை வியாதி கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்த்துவிட்டது. ஆனாலும் எங்கள் செமாராங் நகரின் மேல் ஊரிலிருந்து கீழ் ஊருக்கு இறங்கும் இந்தச் சாலையில் வண்டியைச் செலுத்துவது தாம்தான் என்பதில் மனிதருக்குத் துளியும் சந்தேகம் கிடையாது.

ஒரு காலத்தில் அவர் செலுத்தியதும் உண்மைதான். ஆரஞ்சு நிற வேனில் ஆள் ஏற்றிக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம்வரை இதே சரிவில் ஏறி இறங்கியவர். பள்ளிக்கூடம் போகும்போது நானும் அந்த வேனின் வாசற்படியில் தொங்கியிருக்கிறேன். “உள்ளே வாடா, உன் அம்மாவுக்கு நான் பதில் சொல்ல முடியாது,” என்று கத்துவார். இப்போது மடிப்புக் கலையாத பாத்திக் சட்டை, கண்ணாடி கழன்றுபோன ஹெல்மெட், காது மடலில் பாதி குடித்து அணைத்த கிராம்புச் சிகரெட். இரண்டு பக்கமும், விற்பதற்காக வாழையிலையில் பொதிந்த தெம்பே, அதாவது புளிக்கவைத்த சோயாக் கட்டிகள், நிறைந்த கூடைகள். நடுவில் ஐயா உட்கார்ந்திருப்பார், மாப்பிள்ளை ஊர்வலம் போல.

அவருடைய வழிகாட்டலில் ஒரே ஒரு சிக்கல் உண்டு. அவர் காட்டுகிற வழியில் பாதி இப்போது இல்லை. வளைவு தாண்டியதும், “காலைக் காட்சி விடுற நேரம், கூட்டம் குறுக்கே வரும், மெதுவாப் போ,” என்பார். அந்தத் தியேட்டரை இடித்து எத்தனையோ வருஷமாயிற்று. அங்கே செல்போன் கடை நிற்கிறது. இபு வர்சினி வேகத்தைக் குறைப்பார். பின்னால் வருகிறவர்கள் ஹாரனை அழுத்திக்கொண்டு திட்டிவிட்டுப் போவார்கள்.

“ஏன் இபு, இல்லாத தியேட்டருக்கு எதுக்குக் குறைக்கிறீங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“அவருக்கு இன்னும் படம் ஓடிக்கிட்டுத்தானே இருக்கு, தம்பி,” என்றார்.

அந்தத் தியேட்டரில் முன்வரிசை டிக்கெட் வாங்கி, கழுத்து வலிக்க வலிக்கப் படம் பார்த்தவன் நான். அந்த மூட்டைப்பூச்சி பெஞ்சுக்காக இன்றைக்கு நான் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

சரிவின் பாதியில் இருக்கிறது என் வண்டிப் பட்டறை. தினமும் காலையில் இருவரும் இங்கே நிற்பார்கள். “உன் மூஞ்சியைப் பார்க்காம எனக்குப் பொழுது விடியாதுடா,” என்று தம் கண்ணைத் தாமே கேலி செய்துகொண்டு இறங்கி, இஞ்சி போட்ட காப்பிக்குக் கை நீட்டுவார். நட்புக்காக நிற்கிறோம் என்று அவர் நினைப்பு. பின் சக்கரத்திலிருந்து புகை வருவதால் நிற்கிறார்கள் என்பது எனக்கும் இபுவுக்கும் மட்டும் தெரியும். கருகல் நெடி அவர் மூக்குக்கும் எட்டும். “இந்த லாரிக்காரனுங்களுக்குப் பிரேக் பிடிக்கவே தெரியல,” என்று சலித்துக்கொள்வார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சக்கரத்தைப் பார்ப்பேன்.

பின் பிரேக் எரியக் காரணம், இபு முன் பிரேக்கைத் தொடுவதே இல்லை. எங்கள் ஊரில் பாதிப் பேர் இப்படித்தான். முன் பிரேக்கைத் தொட்டால் குப்புற விழுவாய் என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளுக்கு வண்டி பழக்குவார்கள். நல்ல டிஸ்க் பிரேக் அழகுக்குத் தொங்கிக்கொண்டு துருப்பிடிக்கும். இந்த வீட்டிலோ அது சத்தியமாகவே ஆகிவிட்டது. கல்யாணமான புதிதில் மனைவியைப் பின்னால் வைத்துக்கொண்டு, நோன்பு மாதம் பிறக்கும்முன் நடக்கிற துக்தேரன் திருவிழாவுக்குப் போயிருக்கிறார் சுரோசோ. பாலத்து மணலில் முன் பிரேக்கைப் பிடித்தார். வண்டி சறுக்கி, இபுவின் தாடை கிழிந்து தையல் போட்டார்கள். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா? கண் மங்கத் தொடங்கியதும் மனைவிக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், முன் பிரேக்கைத் தொடுவதில்லை என்று முதலில் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சாவியையே கொடுத்தாராம்.

போன மாதம் சரிவில் பின் பிரேக் சுத்தமாகப் பிடிக்காமல் போயிற்று. முன்னால் செங்கல் லாரி. இபு எப்படியோ ஒடித்து, சாலையோர மணல் குவியலில் வண்டியை ஏற்றிவிட்டார். உயிருக்குச் சேதமில்லை. தெம்பே மட்டும் தெருவெல்லாம் உருண்டது. விஷயம் மகள் காதுக்குப் போய், “அப்பாவை வீட்டுல விட்டுட்டுப் போங்கம்மா, கனமாவது குறையும்,” என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

மறுநாள் மத்தியானம் இபு தனியாக என்னிடம் வந்தார். “முன் பிரேக்கைச் சரி பண்ணிக் கொடு. அது பிடிச்சாத்தான் அவரை ஏத்திக்கிட்டுப் போக முடியும். வீட்டுல உட்கார வெச்சா மனுஷன் செத்துப்போவார், தம்பி. அவருக்குத் தெரிய வேணாம். பின் பிரேக் வேலைன்னு சொல்லிடு.”

சொன்னேன். பொய் சொல்ல எனக்கு வராது, உளறுவேன். இருந்தாலும் மறுநாள் காலை இருவரும் வந்து நின்றதும் அவரிடம் சொன்னேன். காப்பியைக் கையில் கொடுத்து அவரைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, முன் பிரேக்கின் லீவரை அழுத்திப் பார்த்தேன். பாறை. ஒரு நூல் அசையவில்லை. லீவர் திருகைக் கழற்றி எண்ணெய் விட்டேன். அப்படியேதான் இருந்தது. கீழே காற்று வெளியேற்றும் திருகைக் கொஞ்சம் திறந்து அழுத்தினேன். லீவர் வழுக்கிக்கொண்டு போயிற்று. கடுங்காப்பி நிறத்தில் ஆயில் வழிந்தது. ஆக, ஆயில் டியூபில் அடைப்பில்லை. சக்கரத் தட்டை அழுத்துகிற பிஸ்டன்தான் இறுகிக் கிடக்கிறது. அது இருக்கும் காலிப்பரைக் கழற்றி, துணி சுற்றி, கம்ப்ரஸர் காற்றைக் கொடுத்தேன். டப்பென்று வெளியே வந்தது, துருவேறிப் போய்.

“சத்தம் முன்னாடியிருந்து வருதே,” என்றார் பாக் சுரோசோ.

நான் பிஸ்டனைத் துணியில் சுருட்டினேன்.

“வர்சினி, உன்னைத்தான் கேக்கறேன். பின் பிரேக்குக்கு எதுக்கு முன் சக்கரத்துல காத்து அடிக்கிறான்?”

“பிடிக்கிறதுக்கு,” என்றார் இபு.

“சத்தியம் பண்ணியிருக்கே.”

“பண்ணியிருக்கேன். இதுவரைக்கும் தொடல. தொடாமத்தான் மணல்ல ஏத்தினேன். தாடை கிழிஞ்சது எனக்குங்க. நான் அதை அன்னிக்கே மறந்துட்டேன். நீங்கதான் இன்னும் தையலைப் பிரிக்காம வெச்சிருக்கீங்க.” தலைத்துணியின் நுனியை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இந்தப் பிரேக் இல்லேன்னா உங்களை வீட்டுல விட்டுட்டு வரச் சொல்றா உங்க பொண்ணு. எனக்கு இந்தச் சரிவுல தனியா இறங்கத் தெரியாது.”

பாக் சுரோசோ காப்பி டம்ளரைப் பெஞ்சில் வைத்தார். அது விளிம்பில் நின்றது. நான் எழுந்து அதை உள்ளே தள்ளி வைக்கக்கூடத் தைரியமில்லாமல் பிஸ்டனைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். நனைத்த உப்புத்தாளில் துரு போக வெகுநேரம் பிடித்தது. புது ரப்பர் வளையம் போட்டேன். காலிப்பரின் ஊசிகளில் கிரீஸ் தடவித் திரும்ப மாட்டினேன். புது ஆயில் ஊற்றினேன். இனி ஆயிலில் சிக்கிய காற்றை எடுக்க வேண்டும். ஒருவர் லீவரை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் கீழே திருகைத் திறந்து மூட வேண்டும். நான் ஒற்றை ஆள்.

“இபு, கொஞ்சம் வந்து அழுத்துங்க,” என்றேன்.

“அவர் சொல்லாம நான் தொட மாட்டேன்,” என்றார் இபு. பிடிவாதத்தில் புருஷனுக்குக் கொஞ்சமும் இளைத்தவரில்லை. எனக்குக் கோபம் வந்தது. ஆயிலைத் திறந்து வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் குந்தியிருப்பது?

“இந்தக் குடும்பச் சண்டையெல்லாம் வேற பட்டறையில வெச்சுக்குங்க,” என்று முணுமுணுத்தேன்.

பெஞ்சு கிறீச்சிட்டது. பாக் சுரோசோ எழுந்தார். பின்விளக்கைத் தொட்டார். தம் சீட்டைத் தொட்டார். கூடையை, மனைவியின் சீட்டை, ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே முன்னால் வந்தார். கைப்பிடியைக் கண்டுபிடித்ததும் கொஞ்சம் நின்றார். பிறகு வலது லீவரில் விரல்களை வைத்தார்.

“என்ன செய்யணும், சொல்லு.”

“அமுக்குங்க, பாக். பிடிச்சுக்குங்க.” திருகைத் திறந்தேன். நுரையோடு ஆயில் வந்தது. மூடினேன். “விடுங்க. மறுபடி அமுக்குங்க.”

அமுக்கினார், விட்டார், அமுக்கினார். நுரை குறைந்து, கடைசியில் ஆயில் தெளிவாக வந்தது. திருகை இறுக்கினேன். லீவர் இப்போது இதமாக உள்ளே போய், பாதியில் உறுதியாக நின்றது. முன் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, “இப்ப பிடிங்க,” என்றேன். பிடித்தார். சக்கரம் சத்தமில்லாமல் நின்றது. அவர் காதைச் சாய்த்துக்கொண்டு அதைக் கேட்டார்.

“போதும் பாக், விட்டுடுங்க. வேலை முடிஞ்சுது.”

அவர் விடவில்லை. இடது கையைப் பக்கவாட்டில் நீட்டித் துழாவினார். இபு வர்சினி அருகில் வந்து தம் கையைக் கொடுத்தார். பாக் சுரோசோ அந்தக் கையை இழுத்து, அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து லீவரின் மேல் வைத்து, மேலே தம் கையை வைத்து மூடிக்கொண்டார்.