ஓரத்து அறைக்கு வந்த ஜப்பான் பரீட்சை

வாத்தியார் வேலையில் பாடம் சொல்லிக்கொடுப்பது சுலபமான பாதி. யாரோ எழுதி அனுப்பிய கேள்வியை நம் பிள்ளைகள் முன்னால் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்பது கஷ்டமான பாதி. பரீட்சை அறையில் பிள்ளைகளைவிட அதிகமாக வியர்த்து நின்ற ஆசிரியர்களே, நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

ஜப்பான்காரன் காலத்தில் மலாக்காவில், காஜா பெராங் பக்கம் ஒரு சின்னத் தமிழ்ப்பள்ளியில் டீச்சராக இருந்தேன். மூடிக்கிடந்த பள்ளியைத் திரும்பத் திறந்தபோது எனக்குக் கிடைத்தது கோடியில் இருந்த ஓரத்து அறை. மற்ற வகுப்புகளில் சேர்க்க முடியாது என்று சொன்ன பிள்ளைகளை அங்கேதான் உட்கார வைத்திருந்தார்கள். மூன்று பேரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பாக்கியத்துக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வரவில்லை. காசிமுக்கு அம்மை போட்டதில் கண் போய்விட்டது. சின்னப்பன் என் தோளுக்கு மேல் வளர்ந்தவன். இன்றைக்குச் சொன்னது நாளைக்கு அவனிடம் நிற்காது.

ஒரே பரீட்சை

எல்லாப் பிள்ளைகளுக்கும் நிப்பொங்கோவில், அதாவது ஜப்பான் மொழியில், ஒரே பரீட்சை என்று உத்தரவு வந்தது. எங்கள் பெரிய வாத்தியார் அதை எனக்குப் படித்துக் காட்டினார். அதிகாரி கேட்பதற்கு வாயால் பதில் சொல்ல வேண்டும். அவர் சொல்லச் சொல்ல எழுதவும் வேண்டும். தேறாத பிள்ளையின் பெயரை எடுத்துவிடுவார்கள். பெயர் போனால் பள்ளியில் ஊற்றும் மத்தியானக் கஞ்சியும் போச்சு. அரிசியைக் கண்ணால் பார்ப்பதே அரிதாகி, வீட்டுக்கு வீடு மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்த காலம் அது. எங்கள் பிள்ளைகளில் சிலருக்கு அந்தக் கஞ்சிதான் அன்றைய சாப்பாடு.

எனக்குப் பொறுக்கவில்லை. "காது கேக்காத பிள்ளைக்கு வாயால சொல்லி எழுதச் சொல்றதா சார்? பேச்சே வராதவ எப்படிப் பதில் சொல்லுவா?" என்று கேட்டேன். இதை அதிகாரியிடம் போய்ச் சொல்லலாமே என்றும் சொன்னேன். பெரிய வாத்தியார் ஜன்னல் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கேள்வி கேக்கறது அவங்க வேலை டீச்சர். நாம கேட்டா பதில் கன்னத்துலதான் வரும்."

களிமண் எழுத்து

நிப்பொங்கோ எங்களுக்கே புதுசு. சாயங்காலம் நாங்கள் படித்ததைத்தான் காலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தோம். பாக்கியத்துக்காக ஜன்னல் வெளிச்சத்தில் நின்று வாயை நன்றாகத் திறந்து சொல்வேன். அவள் கண்ணெடுக்காமல் என் உதட்டையே பார்த்து எழுதுவாள். காசிமுக்குக் களிமண்ணை உருட்டி எழுத்துகள் செய்து வெயிலில் காயவைத்தேன். அவன் தடவிப் பார்த்துப் படித்தான். பிறகு ஓர் அட்டையை வரிக்கு அணையாக வைத்துக்கொண்டு எழுதவும் பழகினான்.

அந்த மொழியில் 'சோ', 'ன்' என்று இரண்டு எழுத்துகள் உண்டு. பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். கண் உள்ள நாங்கள் எல்லோரும் தடுமாறினோம். காசிம் மட்டும் ஒருநாளும் தடுமாறவில்லை. "இது மேலேர்ந்து கீழ எறங்குது டீச்சர், அது கீழேர்ந்து மேல ஏறுது. ஆரம்பிச்ச எடம் தடிப்பா இருக்கு, முடிச்ச எடம் மெல்லிசா இருக்கு" என்றான். வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்த பெரிய வாத்தியார் உள்ளே வந்து, தானும் அந்த எழுத்துகளைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தார். "தம்பி, நாளைக்குக் கஞ்சி குடிச்சதும் என் ரூமுக்கு வா. ஜப்பான்காரன் ஆசிரியர்களுக்கும் பரீட்சை வச்சிருக்கான்."

எந்தப் பக்கம் நிற்பது

பரீட்சைக்கு வந்த அதிகாரி முன்பு பட்டாளத்தில் இருந்தவராம். சிரிக்காத முகம். காசிமை முதலில் கூப்பிட்டு, தன் நாற்காலிக்கு இடது பக்கம் நிறுத்தினார். அவன் சரியாகத்தான் பதில் சொன்னான். ஆனால் மெல்லிய குரல். அதிகாரி முகத்தைச் சுளித்து மறுபடி கேட்டார். அவன் மறுபடி சொன்னான். அவர் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, தப்பு என்று போடப் பென்சிலை எடுத்தார்.

அப்போது பாக்கியம் பெஞ்சைவிட்டு எழுந்தாள். நேரே போய்க் காசிமின் கையைப் பிடித்து, நாற்காலியைச் சுற்றி அழைத்துவந்து அதிகாரியின் வலது பக்கம் நிறுத்தினாள். பிறகு தன் காதைத் தொட்டுக் காட்டி, அவருடைய இடது காதையும் விரலால் காட்டினாள். குனிந்து வணங்கியது போதவில்லை என்று அறை விழுந்த காலம் அது. பெரிய வாத்தியார் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். நான் அந்தப் பிள்ளையின் முன்னால் போய் நின்றுகொள்ளலாமா என்று நினைத்தேன், போகவில்லை.

அதிகாரி அவளைப் பார்த்தார். பென்சிலைக் கீழே வைத்தார். எல்லாக் கேள்விகளையும் முதலிலிருந்து கேட்டார். காசிம் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான், அட்டையை வைத்து எழுதியும் காட்டினான். பாக்கியத்தின் முறை வந்தபோது அவரே எழுந்து வெளிச்சத்துக்கு வந்தார். அவள் எதிரில் நின்று, ஒவ்வொரு சொல்லையும் உதடு தெரியும்படி நிதானமாகச் சொன்னார். அவள் எழுதினாள். வாய்ப் பரீட்சைக்கும் அவள் எழுதிக் காட்டியதையே பதிலாக எடுத்துக்கொண்டார். நான் பிள்ளைகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் அவர் தலையைச் சாய்த்த விதத்தைப் பார்த்திருக்கிறாள். காது கேட்காதவர்கள் எப்படித் தலையைச் சாய்ப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? கிளம்பும்போது அதிகாரி என்னிடம் தட்டுத்தடுமாறி மலாயில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "பட்டாள டாக்டர் எனக்கு இரண்டு காதும் நல்ல காது என்று எழுதிக்கொடுத்தார். அவருக்குப் பதிலாக இந்தப் பெண்ணை வைத்திருக்கலாம்."

சின்னப்பனின் உத்தியோகம்

அவர்கள் இருவரும் தேறிவிட்டார்கள். சின்னப்பனுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. அழகாகக் குனிந்து வணங்கினான்; அதோடு சரி. அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். இவன் பொறுமையாகச் சிரித்தான். பெயர் போய்விட்டது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் எப்போதும் போல வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். அவனிடம் எப்படிச் சொல்வது என்று நான் தவித்துக்கொண்டிருக்க, கன்னத்துக்குப் பயந்த எங்கள் பெரிய வாத்தியார் யாரிடமும் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஜப்பான்காரன் ஆபீசுக்குப் போனார். பள்ளிக்குத் தண்ணீர் இறைக்கவும் கஞ்சிப் பானை தூக்கவும் ஓர் ஆள் வேண்டும், ஆளுக்கு அங்கேயே சாப்பாடு என்று கேட்டு அனுமதி வாங்கி வந்தார். அன்றிலிருந்து பானை சின்னப்பன் கையில். ஒரு சொட்டு சிந்தமாட்டான். எந்தப் பிள்ளை வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது முகத்தைப் பார்த்தே அவனுக்குத் தெரியும்; அந்தக் கிண்ணத்தில் அகப்பையை ஆழமாக விட்டு அள்ளி ஊற்றுவான். வேலை கிடைத்ததை நான் விளக்கிச் சொன்ன அன்று அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அப்ப டீச்சர், தண்ணி எறைக்கறதுக்குப் பரீட்சை வைக்கமாட்டாங்கதானே?"

அதற்குப் பிறகு எத்தனையோ பரீட்சைகளுக்குக் காவல் நின்றுவிட்டேன். பிள்ளைகளுக்கு மார்க் போட எல்லா ஆட்சியிலும் ஆள் வந்தார்கள், பரீட்சைக்கு மார்க் போடத்தான் இன்னும் யாரும் வந்தபாடில்லை.