ரோஸியின் உடம்பில் சேராத சத்து

கொட்டிவாக்கம் குப்பத்தில் மீன் விற்கும் லூர்துமேரியின் முதல் பிள்ளை ஜான், பதினோராம் மாதத்தில் இறந்துபோனான். வாயைச் சுற்றிலும் விரல்களிலும் புண், நிற்காத வயிற்றுப்போக்கு, கடைசியில் நிமோனியா. ஏதோ கிருமி என்றார்கள். அவளும் நம்பினாள்.

அடுத்துப் பிறந்த ரோஸிக்குப் பால் மறக்கடித்த மூன்றாவது வாரம், உதட்டோரம் அதே சிவப்பு படர்ந்தது. தலைமுடி கொத்தாக உதிர்ந்தது, வயிற்றுப்போக்கும் தொடங்கியது. மூன்று கிளினிக்குகளில் களிம்பு கொடுத்தார்கள். "மீன் தொட்ட கையால பிள்ளையத் தூக்காதம்மா" என்று ஒருவர் அறிவுரையும் சொன்னார். லூர்துமேரி வியாபாரத்தை விட்டுவிட்டு, பிள்ளையோடு பெரிய மருத்துவமனைக்குப் போனாள்.

அங்கே தோல் மருத்துவர் ஜலஜாவும் களிம்புதான் எழுதத் தொடங்கினார்.

"எழுதாத டாக்டரம்மா. பெரியவனுக்கும் பால் மறக்கடிச்சப்புறம்தான் வந்துச்சு. இவளுக்கும் அப்டியே. இன்னான்னு தெரியாம நான் எழுந்து போமாட்டேன்."

ஜலஜாவின் பேனா நின்றது. "ரெண்டு பேருக்குமேவா?"

ரத்தப் பரிசோதனையில் ஜிங்க் சத்து மிகக் குறைவாக இருந்தது. ஜலஜா விளக்கினார்: "சாப்பாட்டுல இருக்கிற ஜிங்க்கைக் குடல்லேர்ந்து உடம்புக்குள்ள கொண்டுபோக ஒரு புரதம் இருக்கு. அதை உண்டாக்குற மரபணுவுல பிழைன்னு நினைக்கிறேன். ஜிங்க் இல்லேன்னா உடம்பு கிருமியோட சண்டை போட முடியாது. தாய்ப்பால்ல இருக்கிறது சுலபமா சேரும், அதான் அதுவரைக்கும் தாங்குச்சு."

ஜிங்க் மருந்து கொடுத்த ஐந்தாம் நாள் வயிறு அடங்கியது. இரண்டு வாரத்தில் புண் காய்ந்து புதுத்தோல் தெரிந்தது. லூர்துமேரி அன்றுதான் ஜானுக்காக வாய்விட்டு அழுதாள். இவ்வளவு சின்ன மருந்தா அவனுக்குக் கிடைக்காமல் போயிற்று!

பிறகு வந்த மரபணுச் சோதனை ஜலஜா சொன்னதை உறுதிசெய்தது. தாயிடம் ஒரு பிழை, தகப்பனிடம் ஒரு பிழை. இரண்டும் ரோஸிக்கு வந்திருந்தன. லூர்துமேரியின் கணவன் ஏசுராஜ் அவளுக்கு அத்தை மகன். "சொந்தத்துல கட்டிக்கினதாலயா?" என்று உடைந்துபோய்க் கேட்டான்.

"அதப் பேசி இன்னா ஆவப்போவுது? மருந்து கீதில்ல, விடாம குடுப்போம்" என்றாள் லூர்துமேரி.

ஆனாலும் மறு வருஷம் லூர்துமேரி டைபாய்டில் படுத்தபோது, "பொண்ணு நல்லாத்தானே கீறா" என்று ஏசுராஜ் மருந்தை நிறுத்திவிட்டான். சில வாரங்களில் ரோஸியின் உதடு வெடித்தது. பார்த்த லூர்துமேரி திட்டவில்லை. பாட்டிலை அவன் கையில் திணித்தாள்.

"ஆயுசுக்கும் குடுக்கணும்னு டாக்டரம்மா சொன்னாங்க. நானில்லாட்டி நீதான் குடுக்கணும். இப்ப என் எதிர்ல குடு."

அவன் அளந்து ஊற்றினான். ரோஸி முகத்தைச் சுளித்துக்கொண்டே விழுங்கினாள்.