கப்பல் ஒரு நாள்தான் நிற்கும்

காற்று ஆளைத் தள்ளிக்கொண்டு போகிற நாட்களில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரி வாசலில் நின்று, "இன்றைக்குக் கொஞ்சம் ஃபிரெஷ்" என்பாள். ஸ்கொட்லாந்தின் வடக்கே, இன்வெர்னஸில், ஆஸ்பத்திரித் தாதியாக வந்து ஏழு வருடமாகிவிட்டது. அந்தச் சொல் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. திருகோணமலைச் சந்தையில் ஃபிரெஷ் என்பது மீனுக்குச் சொல்வது. காற்றென்றால் வாடை, கச்சான், சோழகம் என்று வந்த திசைக்கொரு பெயர். எது எந்த மாதம் வரும் என்பதும் எங்களுக்குத் தெரியும். இங்குள்ள மலைகளுக்கு மாதக் கணக்கில்லை. ஒரு மணி நேரத்துக்குள் வெயில், மழை, ஆலங்கட்டி, பனி எல்லாம் வந்து போகும். அப்படி அவள் "கொஞ்சம் ஃபிரெஷ்" என்று சொன்ன ஒரு மார்ச் மாதக் காலையில், என் பழைய மொரிஸ் மைனர் காரை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளாஸ்கோவுக்குப் புறப்பட்டேன்.

என் தம்பி நேசன் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறான். கப்பல் கிளாஸ்கோவில் ஒரு நாள்தான் நிற்கும், பின்னேரம் நாலு மணிக்கு வெளிக்கிட்டுவிடும் என்று எழுதியிருந்தான். கடிதத்தின் அடியில் ஒரு வரி: "அப்பாவைப் பற்றி ஒரு கதை இருக்கு, நேரில சொல்லுறன்." நூற்றெழுபது மைலும் அந்த ஒரு வரிக்காகத்தான். ஏழு வருடமாக அப்பா என் கடிதம் ஒன்றுக்கும் பதில் போட்டதில்லை. அவர் மனம் இளகிவிட்டது என்றுதான் அந்த வரியை நான் வாசித்தேன். வாடைக்காற்றில் கடலில் நிற்கிறவர் என்று ஒரு கம்பளிச் சட்டை வாங்கிப் பார்சல் கட்டிப் பக்கத்து ஆசனத்தில் வைத்திருந்தேன்.

அப்பா திருகோணமலைத் துறைமுகத்தில் வெள்ளைக்காரரின் கடற்படைக்கு லோஞ்ச் என்ற மோட்டார்ப் படகு ஓட்டியவர். அவர்கள் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது எனக்குப் பதினொரு வயது. வேலையிழந்த பலரில் அவரும் ஒருவர். இரண்டு வருடம் வீட்டில் இருந்த பிறகுதான் மூதூருக்கு ஆட்களை ஏற்றும் லோஞ்சில் வேலை கிடைத்தது. அந்த இரண்டு வருடமும் துறைமுகப் பக்கமே அவர் போகவில்லை. ஊர் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்த எனக்கு இங்கிருந்து வேலைக் கடிதம் வந்த அன்று, சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னார்: "அவங்கள் எங்களை விட்டிட்டுப் போனவங்கள். நீ அவங்களுக்குப் பின்னால போறாய்."

"வேலைக்குத்தானே போறன், அப்பா."

"இஞ்சையும் ஆஸ்பத்திரி இருக்கு."

எங்களுக்கிடையில் நடந்த கடைசிக் கதை அதுதான். நான் ரயிலேறிய நாளில் அவர் விடியவே மூதூருக்குப் போய்விட்டார்.

வழியில் அவிமோர் என்ற ஊர் வரை நல்ல வெயில். மலைக் கணவாயில் ஏறத் தொடங்கியதும் ஆலங்கட்டி, அதன் பின்னால் பனி. முன்னால் போன லொறியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது. பிறகு லொறியும் நின்றுவிட்டது. மண்வெட்டியோடு நடந்து வந்த வீதி வேலையாள் ஒருவன் கண்ணாடியைத் தட்டி, பனி தள்ளும் வண்டி முன்னால் போயிருக்கிறது, "வீ வைல்" காத்திருக்க வேண்டும் என்றான். கொஞ்ச நேரம் என்று எனக்கு அர்த்தம் சொல்லித் தந்திருந்தார்கள். ஒன்றே முக்கால் மணி நேரம் அங்கேயே இருந்தேன். கால் விரல்கள் மரத்துப்போயின. அடுத்த லீவுக்கு ஊருக்குப் போவதென்றும், அப்பாவுக்கு முதல் என்ன சொல்வதென்றும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

துறைமுக வாசலைச் சேர்ந்தபோது மூன்றரை. காவலாளி உள்ளே விடவில்லை. நேசன் மதிலோரமாக, மெல்லிய கோட்டோடு நடுங்கியபடி நின்றான். காரில் ஏறிக் கதவைச் சாத்தினான். "இது அப்பாவுக்கு" என்று பார்சலை நீட்டினேன். அவன் கை நீட்டவில்லை.

"அக்கா, அப்பா இல்லை."

"எப்ப?"

"பொங்கல் கழிஞ்சு நாலாம் நாள்."

"ரெண்டு மாதம். ஏன்ரா ஒரு தந்தி அடிக்கேல்லை?"

"தனிய இருக்கிறீங்கள். தந்தியைக் கையில வச்சுக்கொண்டு ஆரோட நிண்டு அழுவீங்கள்? இந்தப் பக்கம் வருவன் எண்டு தெரியும். நான்தான் அம்மாவை எழுத வேண்டாமெண்டு மறிச்சனான்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அந்த இரண்டு மாதமும் நான் வார்டில் சிரித்திருக்கிறேன். ஒரு கலியாணத்துக்குக்கூடப் போயிருக்கிறேன். என்னைப்போல வெளியே இருக்கிறவர்களுக்கு இது தெரியும். ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. எங்களுக்கு ஒருவர் சாவது செய்தி வந்து சேரும் நாளில்தான்.

"என்னைப் பற்றி ஏதும் சொன்னவரோ?"

"பொய் சொல்ல ஏலாது, அக்கா. கோபம் போயிட்டுது எண்டு ஒருநாளும் சொல்லேல்லை. ஆனா நான் லீவில வீட்டில நிண்ட நேரம், கடைசி ரெண்டு நாளும் அவருக்கு நினைவு தடுமாறிப் போச்சு. வாசலையே பார்த்துக்கொண்டு, 'பிள்ளை டியூட்டியால வந்திட்டாளோ' எண்டு கேட்டுக்கொண்டிருந்தவர்."

"நீ என்ன சொன்னனீ?"

"வந்துகொண்டிருக்கிறா எண்டு சொன்னனான்."

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கப் பார்சலைப் பிரித்து, சட்டையை அவனுக்கே போட்டுவிட்டேன். கை நீளம். மடித்துவிட்டுக்கொண்டு வாசலுக்குள் நடந்தான்.

திரும்பி வரும்போது, கணவாயின் அடியில் ஒரு பொலிஸ்காரர் கார்களை மறித்துக்கொண்டிருந்தார். மேலே மறுபடியும் பனி. அவசரமில்லாதவர்களைத் திருப்பி அனுப்பினார். என் காருக்குக் கிட்ட வந்து குனிந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் சுகமாக இருக்கிறேனா என்று கேட்டார். ஏழு வருடத்தில் ஒருநாளும் நடக்காத ஒன்று அப்போது நடந்தது. என் வாய் ஆமாம் என்பதை ஊர்த் தமிழில் சொல்லிவிட்டது.

"ஓம்" என்றேன்.

அவருக்கு அது "ஹோம்" என்று கேட்டிருக்க வேண்டும். "வீட்டுக்கா? அப்படியென்றால் போங்கள், அம்மா. மெல்லப் போங்கள்" என்று வழிவிட்டார். நான் திருத்தவில்லை. அவர் கைகாட்டிய வடக்குப் பக்கம் மலை முழுவதும் வெள்ளையாகிக்கொண்டிருந்தது. எனக்குப் பின்னால், எத்தனையோ ஆயிரம் மைலுக்கு அப்பால், நான் டியூட்டி முடிந்து வந்து சேராத ஒரு வாசல் இருந்தது. காரை மெல்ல மேலே ஏற்றினேன்.